வெளிநாட்டில் பாஸ்கெட்பால் ஆடிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: மகளுக்கு 17 வயது. ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு, மாவட்ட அணியில் சென்டர் (கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் உயரமான ஆட்டக்காரர்) ஆடுகிறாள். வெளிநாட்டு லீக்கில்தான் ஆடுவேன் என்று ஒரே பிடிவாதம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்தால் போதும் என்கிறார் அவள் அப்பா. யார் பக்கம் நிற்பது? – ஒரு தாய், தண்டையார்பேட்டை

அம்மா, ரெண்டு பேரும் மோதிக்கொள்ளவே வேண்டாம். கீது அன்னா ஜோஸ் கேரளத்துப் பெண், நம்ம தெற்கு ரயில்வேக்காக ஆடியவர். அவர்தான் ஆஸ்திரேலியா போய் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கும் ஆடினார், 2011-இல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் மூன்றின் தேர்வுக்கும் போய் வந்தார். அங்கே ஒப்பந்தம் கிடைக்கவில்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை, ஏனென்றால் திரும்பி வர ஒரு வேலையும் ஒரு அணியும் இங்கே இருந்தன. 2021-இல் பத்மஸ்ரீ வாங்கிய நம்ம சென்னை அனிதா பால்துரையும் தெற்கு ரயில்வேதான். அதனால் அப்பா சொல்லும் வேலையை மகளின் கனவுக்கு எதிரியாகப் பார்க்காதீர்கள்.

மகளிடம் நான் சொல்ல நினைப்பது வேறு. இங்கே ஆறடிப் பெண் என்றால் கூடைக்குக் கீழேயே நிறுத்திவிடுகிறோம். அங்கே அதே உயரத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடி, 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியே நின்று த்ரீ பாயின்ட் போடுகிற பெண்கள் நிறைய பேர். இந்த வயதிலேயே டிரிபிளிங்கும் தூரத்து ஷாட்டும் பழகட்டும். கோச்சிடம் நீங்களே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

கேள்வி: சம்பளம் கோடிக்கணக்கில் என்கிறார்களே, உண்மையா? – கல்லூரி மாணவி, பெரம்பூர்

மிகச் சிலருக்கு உண்மை. 2015-இல் அமெரிக்க நட்சத்திர வீராங்கனை டயானா டொராசி அமெரிக்க சீசனையே விட்டு ஒதுங்கினார், காரணம் அவருடைய ரஷ்ய கிளப் கொடுத்த சம்பளம் ஏறத்தாழ 15 லட்சம் டாலர் என்று செய்தி வந்தது, அமெரிக்க லீக்கில் அப்போது உச்சவரம்பே சுமார் 1,07,000 டாலர்தான். அந்த இடைவெளிதான் அமெரிக்கப் பெண்களைக் கோடையில் அங்கேயும் குளிர்காலத்தில் துருக்கி, ரஷ்யா, சீனா என்றும் வருஷம் பூரா ஓட வைத்தது. உடம்பு அதற்கு விலை கொடுக்கும். அமெரிக்க வீராங்கனை பிரியன்னா ஸ்டூவர்ட்டுக்கு 2019-இல் ஹங்கேரியில் நடந்த ஐரோப்பிய கிளப் ஃபைனலில் குதிகால் தசைநாண் அறுந்து, அந்த வருஷ அமெரிக்க சீசன் முழுசும் போனது. இன்னொரு அமெரிக்க வீராங்கனை பிரிட்னி கிரைனர் ரஷ்யாவில் ஆடப் போன இடத்தில் 2022-இல் கைதாகி, டிசம்பரில்தான் வீடு திரும்பினார்.

சின்ன கிளப் என்றால் மிதமான சம்பளம், தங்க வீடு, விமான டிக்கெட், அவ்வளவுதான். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஒரு சீசனுக்கு. வெளிநாட்டு வீராங்கனைகளுக்கு இடம் குறைவு என்பதால் வந்த முதல் மாதமே பாயின்ட் எடுத்துக் காட்டச் சொல்வார்கள், உள்ளூர்ப் பெண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் நமக்குக் கிடைக்காது.

கேள்வி: தங்கச்சியை ஐரோப்பிய கிளப்பில் சேர்க்கிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – ஒரு அண்ணன், எர்ணாவூர்

கொடுக்காதீர்கள், தம்பி. நகையை அடகு வைக்கவே வேண்டாம். வெளிநாட்டு ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட்டிடம் ஃபிபா (உலகக் கூடைப்பந்து சம்மேளனம்) உரிமம் இருக்க வேண்டும், அவர் கமிஷன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் இருந்துதான் வரும், அதுவும் 10 சதவீதத்துக்குள். கிளப் பெயரைக் கேட்டு வாங்கி, அந்த கிளப்புக்கே நேராக எழுதிக் கேளுங்கள். நிஜமான வாய்ப்பு என்றால் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனத்திடம் கிளியரன்ஸ் கடிதம் வாங்கித்தான் போக முடியும். ஒப்பந்தத்தில் அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது, சம்பளம் தொடருமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சம்பளம் தராமல் இழுத்தடித்தால் ஜெனீவாவில் உள்ள கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், ஆனால் ஒப்பந்தத்தில் அதற்கான ஷரத்து இருந்தால் மட்டும்தான். அது இல்லாத தாளில் தங்கச்சி கையெழுத்துப் போடக் கூடாது.