அப்பாவின் புல்லட்டும் வீட்டு நகையும்

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 42. கப்பலூர் தொழிற்பேட்டையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். மனைவி வீட்டிலிருந்தே துணி தைத்து 9,000 ரூபாய் வரை ஈட்டுகிறார். வீட்டுக்கடன் தவணை 14,500, மகளின் செல்வமகள் கணக்குக்கு 4,000, ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டுக்கு 5,000, வீட்டுச் செலவு 24,000. சீட்டை இன்னும் எடுக்கவில்லை. ஏழு மாதத்தில் முடிகிறது. வங்கியில் 60,000 இருக்கிறது. மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள்.

என் அப்பா கால்நடை ஆய்வாளராக இருந்தவர். 1972-ல் வாங்கிய புல்லட்டில்தான் செல்லம்பட்டி, எழுமலை, சேடபட்டி என்று ஊர் ஊராகப் போவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். வண்டி உசிலம்பட்டி வீட்டு மாட்டுக்கொட்டகையில் பத்து ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் நாங்கள் ஞாயிறு காலையில் அழகர்கோவில் சாலையில் கூடுவோம். ஒருவர் எஸ்டி பைக், ஒருவர் லாம்பி ஸ்கூட்டர், ஒருவர் பியட் கார் என்று மெருகேற்றிக் கொண்டுவருகிறார்கள். நான் மட்டும் புது ஸ்கூட்டரில் போய் நிற்கிறேன். மெக்கானிக் 1,60,000 ரூபாய் மதிப்பீடு தந்திருக்கிறார். மனைவியின் எட்டுப் பவுன் நகையை அடகு வைத்தால் வரும் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வண்டியை எடுத்துவிடலாம். மனைவி மறுக்கவில்லை. வண்டியை இப்படியே 70,000-க்குக் கேட்கிறார்கள். தயார் செய்தால் மூன்று லட்சம் போகும், இது முதலீடு என்கிறார்கள் நண்பர்கள். என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வண்டியை விற்றுவிடாதீர்கள். அடகுக் கடைக்கும் போகாதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வரும் சித்திரைக்கு அது எட்டாது, அதற்கு அடுத்த சித்திரைக்கு எட்டும்.

முதலில் அந்த ‘முதலீடு’ என்ற சொல்லை எடுத்துவிடுவோம். நண்பர்கள் சொல்வது நடந்துவிட்டதாகவே வைத்துக் கணக்குப் போட்டேன். இன்று கிடைக்கும் 70,000-ஐ விடுகிறீர்கள். மதிப்பீடு 1,60,000. பழைய எஞ்சினைப் பிரித்த பிறகு செலவு ஏறாமல் இருந்து நான் பார்த்ததில்லை. இருபது சதவீதம், அதாவது 32,000 கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 2,62,000. இரண்டு ஆண்டு கழித்து மூன்று லட்சத்துக்கு விற்றால் மிஞ்சுவது 38,000, ஆண்டுக்கு ஏறக்குறைய ஏழு சதவீதம். வங்கி வைப்பும் கிட்டத்தட்ட அதைத் தந்துவிடும். நகைக்கடனில் ஒன்றரை லட்சம் வாங்கி 12 சதவீத வட்டி என்று வைத்தால் இரண்டு ஆண்டு வட்டி மட்டும் 36,000. மிச்சம் இரண்டாயிரம் ரூபாய். அதுவும் நீங்கள் விற்றால்தான். அப்பாவின் வண்டியை விற்க உங்களுக்குக் கை வருமா?

மதுரைக்காரருக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் காளை வளர்ப்பவர்களைப் பாருங்கள். பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் போட்டு, நீச்சல் பழக்கி, பிள்ளையைப் போலப் பார்த்துக்கொள்கிறார்கள். தை மாதத்தில் வாடிவாசலில் அது நிற்கும் சில நொடிகள்தான் அவர்களுக்குக் கிடைக்கும் வரவு. ஒருவரும் அதை முதலீடு என்று சொல்வதில்லை. நல்ல வளர்ப்பாளர் அதற்காக விதைநெல்லை விற்பதும் இல்லை. உங்கள் புல்லட்டும் அப்படித்தான். அதன் மேல் உங்களுக்கு இருப்பது பாசமும் பெருமையும். இரண்டும் பணம் செலவழிக்கத் தக்கவை. வருமானத்தில் மிஞ்சுவதிலிருந்து செலவழிக்கலாம், கடன் வாங்கிச் செலவழிக்கக் கூடாது.

நகை பற்றி இன்னும் ஒன்று. முதலும் வட்டியும் கடைசியில் சேர்த்துக் கட்டும் நகைக்கடனுக்குக் கெடு 12 மாதம்தான். மாதம் ஏழாயிரம் மிஞ்சும் வீட்டில் ஓராண்டில் 1,68,000 எங்கிருந்து வரும்? மறு அடகு வைப்பீர்கள், அடுத்த ஆண்டும் வைப்பீர்கள். அதற்குள் மகள் பதினொன்றாம் வகுப்புக்குப் போய்விடுவாள், அந்தக் கட்டணமும் வந்து நிற்கும். மனைவி மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சம்மதித்தார் என்று நீங்கள் எழுதவில்லை. செல்வமகள் கணக்கைத் தொடுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, மகிழ்ச்சி. 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்ட அந்த வட்டிக்கு வரியும் கிடையாது. அந்த 4,000 அப்படியே போகட்டும்.

இப்போது வண்டிக்கு வருகிறேன். செலவின் முதல் ரூபாய் மெக்கானிக்குக்குப் போகக் கூடாது, காகிதத்துக்குப் போகவேண்டும். பெயின்டும் குரோமியமும் பளபளக்கும் வண்டி, ஆர்.சி. உயிரோடு இல்லாததால் கொட்டகைக்கே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கவேண்டும். பத்து ஆண்டு நின்ற வண்டிக்கு அது விட்டுப்போயிருக்கும். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி 20 ஆண்டைக் கடந்த இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய். பசுமை வரியும் தாமதக் கட்டணமும் மேலே சேரும். எத்தனை ஆண்டு விடுபட்டது என்பதைப் பொறுத்து அது பெரிய தொகையாகவும் வரலாம். ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அந்தத் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பட்டறைக்கு முன்பணம் கொடுங்கள். 1972 வண்டியின் விவரம் கைப்பட எழுதிய பதிவேட்டிலேயே இருக்கக்கூடும். அதைக் கணினியில் ஏற்றச் சொல்லி நடக்கவேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கும் நாள் ஒதுக்குங்கள்.

வண்டி இன்னும் அப்பா பெயரில்தானே இருக்கிறது? இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம், இவற்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றவேண்டும். புதுப்பிப்புக்குப் படிவம் 25. உங்கள் அம்மாவோ உடன்பிறந்தவர்களோ இருந்தால் வண்டியில் அவர்களுக்கும் பங்கு உண்டு. வெறும் கையெழுத்துக்காக மட்டும் அவர்களிடம் போகாதீர்கள். உட்கார்ந்து பேசுங்கள். டேங்கின் மேல் உட்கார்ந்து ஊர் சுற்றிய நினைவு உங்களுக்கு மட்டும் இருக்காது.

ஐம்பது ஆண்டைக் கடந்த வாகனத்துக்கு ‘வின்டேஜ்’ பதிவு என்று ஒன்று 2021 முதல் இருக்கிறது. எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். நண்பர்கள் அதில் ஆசை காட்டுவார்கள். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் அந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போட, பழுது பார்க்க, இதற்கெல்லாம்தான் சாலைக்கு வரலாம். உங்களுக்கு வேண்டியது ஆற்றங்கரைக்கும் உசிலம்பட்டிக்கும் போகும் வண்டி. சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே உங்களுக்குப் பொருந்தும்.

காப்பீட்டில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். புல்லட் 346 சிசி. அந்தப் பிரிவுக்கு 2022-ல் நிர்ணயித்த பிரீமியம் ஆண்டுக்கு 1,366 ரூபாய், வரி தனி. வண்டிக்கே சேரும் சேதத்துக்கும் காப்பீடு வேண்டுமென்றால், ஐந்து ஆண்டைக் கடந்த வாகனத்தின் மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு ரசீதையும் ஒவ்வொரு கட்டத்தின் புகைப்படத்தையும் வைத்திருந்தால்தான் அங்கே பேச உங்களிடம் ஆதாரம் இருக்கும்.

பணத்துக்கு வருவோம். வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்தால் மாதம் சுமார் 40,000. மூன்று மாதத்துக்கு 1,20,000 அவசரக் கையிருப்பாக இருக்கவேண்டும். உங்களிடம் 60,000 இருக்கிறது. சீட்டை அவசரப்பட்டுத் தள்ளுபடிக்கு எடுக்காதீர்கள், கடைசிவரை கட்டுங்கள். ஏழு மாதம் கழித்து ஒரு லட்சம் வரும்போது அதில் 60,000 கையிருப்புக்குப் போகட்டும். 40,000 புல்லட்டுக்கு. அதுவரை மாத மிச்சத்திலிருந்து 3,000 எடுத்துவையுங்கள்; காகிதச் செலவு அதிலிருந்து போகும். சீட்டு முடிந்த பிறகு விடுபடும் 5,000-ஐயும் சேர்த்து மாதம் 8,000 வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள்.

மெக்கானிக்கிடம் மதிப்பீட்டை மூன்றாகப் பிரித்து எழுதி வாங்குங்கள்: எஞ்சினும் கியர்பாக்ஸும், பிறகு சக்கரம், பிரேக், வயரிங், கடைசியாக டிங்கரிங், பெயின்ட், குரோமியம். எஞ்சின் வேலை 65,000 என்று வந்தால் பத்தாவது மாதவாக்கில் அதைத் தொடங்க உங்களிடம் பணம் இருக்கும். சக்கரமும் பிரேக்கும் அடுத்த ஐந்து மாதத்தில் முடியும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிரித்துப் போட்டுச் செய்தால்தான் சுத்தமாக வரும் என்று அவர் சொல்வார். தொழில் முறையில் அது சரிதான். ஆனாலும் எஞ்சினை இறக்கும்போதே பிரேமில் துரு இருக்கிறதா என்று பார்த்துச் சுரண்டி, பிரைமர் அடித்துவிட்டால் மீதிக்குக் காத்திருக்கலாம். எஞ்சினுக்கு முன் பெயின்ட் அடிப்பவர்கள்தான் பாதியில் பணம் தீர்ந்து நிற்கிறார்கள்.

அந்தப் பழைய பெயின்டைப் பற்றியும் யோசியுங்கள். திருவொற்றியூர் ஆலையில் இருந்து வந்த டேங்கில் தங்க நிறக் கோட்டைக் கையால் இழுத்திருப்பார்கள். அது பாதியாவது மிஞ்சியிருந்தால், அழித்துவிட்டுப் புதிதாக அடிப்பதைக் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். உங்கள் அப்பாவின் முழங்கால் உரசித் தேய்ந்த இடம் அது. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு அதை அழிக்க உங்களுக்கே மனம் வராமல் போகலாம். அப்படியானால் செலவில் பெரும் பகுதி மிச்சம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் 2010 வாக்கு வரை சென்னையில் தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் பிஸ்டன், கனெக்டிங் ராடு, கேஸ்கெட் எல்லாம் ஓரளவு கிடைத்துவிடும். மைசூரில் 1996-லேயே தயாரிப்பு நின்றுபோன எஸ்டியை வைத்திருக்கும் உங்கள் நண்பரைக் கேளுங்கள், பாகத்துக்கு அவர் படும் பாட்டைச் சொல்வார். ஒன்றில் மட்டும் கவனம். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாயையும் கார்புரேட்டர் வாஷரையும் அது அரித்துவிடும். புதியவை போடச் சொல்லுங்கள். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான்தான்.

என் அப்பாவின் ஸ்கூட்டரைச் சீர்செய்ய ஒரு பட்டறையில் முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுத்தேன். பதினான்கு மாதம் கழித்து வண்டி வந்தது. அதிலிருந்த பழைய கார்புரேட்டரும் ஸ்பீடாமீட்டரும் வரவில்லை. கேட்டால் பதில் இல்லை. பணம் போனதைவிட, அப்பா தினமும் குனிந்து பார்த்த மீட்டர் போனது இன்றும் வலிக்கிறது. ஆகவே ஒவ்வொரு கட்டம் முடிந்து, நீங்கள் நேரில் பார்த்த பிறகு அந்தக் கட்டத்தின் பணம். கழற்றிய ஒவ்வொரு பாகமும் சாக்கில் கட்டி உங்கள் வீட்டுக்கு வரவேண்டும், உடைந்திருந்தாலும்.

வருமான வரியைப் பற்றிச் சுருக்கமாக: சொந்த உபயோகத்துக்கான வாகனத்தை லாபத்துக்கு விற்றாலும் மூலதன ஆதாய வரி இல்லை. விற்கப் போவதில்லை என்பதால் உங்களுக்கு இது வேண்டியதில்லை. நண்பர்களுக்குப் பயன்படட்டும்.

இந்தக் கணக்குப்படி வரும் சித்திரைக்கு அடுத்த சித்திரையில், பழைய பெயின்டோடு, சரியான ஆர்.சி.யும் காப்பீடும் வைத்து, கடன் இல்லாமல் நீங்கள் வைகைக் கரைக்குப் போகலாம். மனைவி நகை அணிந்து பின்னால் உட்கார்ந்து வருவார். இந்த ஞாயிறு அழகர்கோவில் சாலைக்குப் பதிலாக உசிலம்பட்டிக்குப் போங்கள். கொட்டகையைக் கூட்டி, எஞ்சின் எண், சேஸி எண் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். வீட்டில் அப்பாவின் பழைய பெட்டியைத் தேடி ஆர்.சி. புத்தகத்தை எடுத்து இரண்டு எண்களும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் மெக்கானிக்கிடம் எதுவும் பேசாமல் எனக்கு மறுபடி எழுதுங்கள்.