கட்டைவிரல் தானாக ஓட வேண்டும்

அன்புள்ள ஐயா,

மூன்று மாதமாக அகூஸ்டிக் கிட்டாரை விரல்களால் மீட்டிப் பழகுகிறேன். ஸி, ஏ மைனர், ஜி, ஈ மைனர் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) பிடிக்க வருகின்றன. சிக்கல் வலக்கையில்தான். கட்டைவிரல் தனியாகச் சீராக ஓடுகிறது. மற்ற விரல்கள் சேர்ந்தால் அவற்றின் பின்னாலேயே போய்விடுகிறது. தந்தியும் வாங்கியபோது இருந்ததைவிட இப்போது அழுத்தக் கடினமாக இருக்கிறது.

ஒரு வாசகர், செங்காங்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் கவனித்துக்கொண்டே இருப்பதால்தான் கட்டைவிரல் இப்போது சீராக ஓடுகிறது. கவனிக்காதபோதும் ஓடினால்தான் பழகியதாகக் கணக்கு. ஸி கார்டைப் பிடித்து, தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, கட்டைவிரலால் 5, 4, 5, 4 என்று தந்திகளை மீட்டுங்கள் (மிக மெல்லிய தந்தி 1, மிகத் தடித்தது 6). கூடவே ஜூரோங் ஈஸ்ட், புக்கிட் பாத்தோக், புக்கிட் கோம்பாக், சுவா சூ காங் என்று ரயில் நிலையங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். பேச்சில் தாளம் தடுக்கினால் மற்ற விரல்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை. தினமும் ஐந்து நிமிடம், இது மட்டும்.

தடுக்காமல் வந்தபின் நமக்குப் பழக்கமான சொற்கட்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: தகதிமி தகஜணு. எட்டு அசை. த, தி, த, ஜ நான்கும் கட்டைவிரலுக்கு. 5, 4, 5, 4 அப்படியே. முதலில் 'மி'யில் மட்டும் நடுவிரலால் 2ஆம் தந்தி. இரண்டு மூன்று நாள் கழித்து, இரண்டாவது 'க'வில் ஆள்காட்டியால் 3ஆம் தந்தி. முதல் 'க'வும் கடைசி 'ணு'வும் வெறுமையாகவே இருக்கட்டும். அந்த இடைவெளியை நிரப்ப விரல் துடிக்கும், விடாதீர்கள். இந்த மீட்டலின் துள்ளலே அங்கேதான் இருக்கிறது. வேகத்தை 50க்கு இறக்கித் தொடங்கி, எட்டுச் சுற்று பிசகாமல் வந்தால் 4 கூட்டுங்கள்.

கட்டைவிரலும் ஆள்காட்டியும் முட்டிக்கொண்டால் கை நிலை தவறு. கட்டைவிரல் நுனி, கிட்டாரின் கழுத்துப் பக்கமாக, ஆள்காட்டிக்கு முன்னே நீண்டிருக்க வேண்டும். மற்ற விரல்கள் அடிக்கணுவிலிருந்து உள்ளங்கையை நோக்கி மடங்கட்டும். தந்தியைக் கொக்கிபோல் வெளியே இழுத்தால் அது கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பியில் 'டப்'பென்று அடிக்கும்.

கார்டு மாற்றத்தை ஸி, ஏ மைனரில் தொடங்குங்கள். ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிரவிரல் மட்டும் 5ஆம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டை விட்டு 3ஆம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போகும். கட்டைவிரலுக்கு எந்த மாற்றமும் இல்லை. ஜி, ஈ மைனருக்கு அது 6, 4 என்று மாறும் என்பதால் அவற்றைப் பிறகு சேருங்கள்.

தந்தி கடினமானதற்கு நம் சிங்கப்பூர்க் காற்று காரணமாக இருக்கலாம். இங்கே ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55. மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பினால் மேற்பலகை எழும்பி, தந்தியையும் உயர்த்திவிடும். 12ஆம் ஃப்ரெட்டின் மேல்விளிம்பிலிருந்து 6ஆம் தந்தியின் அடிவரை அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். மீட்டாத நேரத்தில் சிலிக்கா ஜெல் பைகளோடு பெட்டிக்குள் மூடி வையுங்கள். சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போடுங்கள். உயரம் சரியாக இருந்தும் விரல் வலித்தால், 12ஆம் எண் தந்தித் தொகுப்பை மாற்றி, அதைவிட மெல்லிய 11ஆம் எண் போடுங்கள்.

அன்புடன்.