சின்ன போட் ஒண்டை இழுக்க மலிவா எந்த வாகனம் வாங்கலாம், பிக்கப் ட்ரக் கட்டாயமோ?

நீங்கள் கேட்டிருக்கிறது இதுதான்: கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறியள், சிம்கோ ஏரிப் பக்கம் மீன் பிடிக்க 16 அடி அலுமினியம் போட் ஒண்டு 40 எச்பி (குதிரைவலு) மோட்டரோட செகண்ட் ஹாண்டில வருது, கையில இருக்கிறது ஹொண்டா சிஆர்-வி, வாகனத்துக்கு ஒதுக்கினது 12 ஆயிரம் டொலர், பிக்கப் இல்லாமல் ஏலாது எண்டு கூட்டாளிமார் சொல்லுகினம்.

பிக்கப் வேண்டாம். ஆனா சிஆர்-வியும் காணாது. பழைய மினிவான் ஒண்டு பாருங்கோ, அதுவும் கம்பனியிலயே இழுவைக்கெண்டு தயார் பண்ணி வந்த வானாப் பாருங்கோ. ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளும்.

முதல்ல வாகனத்தை விட்டிட்டு போட்டின்ர பாரத்தைப் பாக்கோணும், எங்கட ஆக்கள் கனபேர் இதைத் தலைகீழாத்தான் செய்யினம். விளம்பரத்தில போட்டிருக்கிற நிறை வெறும் உடம்புக்கு மட்டும். 16 அடி அலுமினியம் எண்டா 500 தொடக்கம் 700 பவுண்ட் வரும், 40 எச்பி ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டர் தனிய 200 பவுண்டுக்கு மேல, ட்ரெயிலர் ஒரு 400, 450, பிறகு பெற்றோல் டாங்க், பற்றரி, நங்கூரம், லைஃப் ஜாக்கெட், கூலர், தூண்டில் பெட்டி எண்டு சில்லறைச் சாமானே 250, 300 பவுண்ட் ஏறும். கூடின பக்கத்தைக் கூட்டிப் பாத்தா 1,600 பவுண்ட் தாண்டும். சிஆர்-விக்கு ஹொண்டா குடுத்திருக்கிறது 1,500 பவுண்ட், கிலோவில 680. சும்மா நூறு பவுண்ட்தானே எண்டு நினைக்காதேங்கோ, அந்த 1,500 உள்ளுக்கை ஆக்கள் நிறைய இருக்கிற கணக்கில்லை.

நீங்கள் 14 அடி போட், 15 இல்லாட்டி 20 எச்பி எண்டு போனால் கதை வேற. அது எல்லாம் சேர்த்து 900 பவுண்டுக்குள்ள நிக்கும், சிஆர்-வியே வடிவா இழுக்கும், 12 ஆயிரமும் மிச்சம். ரெண்டு மூண்டு பேர் பெர்ச் மீன் பிடிக்கப் போறதுக்கு 14 அடி தாராளம். ஆனா சிம்கோ ஏரி பெரிய ஏரி, காத்து எழும்பினா 14 அடியில இருக்கிறவைக்குத் தெரியும், அதால 16 கேக்கிறதையும் பிழை எண்டு சொல்ல மாட்டன்.

16 தான் எண்டு முடிவெண்டா, டொட்ஜ் கிராண்ட் கரவான், ரொயோட்டா சியன்னா, ஹொண்டா ஒடிசி, இந்த மூண்டுக்குள்ள ஒண்டு. கரவான் 3,600 பவுண்ட் வரைக்கும் இழுக்கும், மற்ற ரெண்டும் 3,500. உங்கட போட் இதில பாதிக்குக் கிட்டத்தான் வரும், இது நல்ல இடைவெளி. எனக்குக் கரவான்தான் காசுக்கு நல்லதாப் படுது. விண்ட்ஸரில 2020 வரைக்கும் செய்து தள்ளின வாகனம், ஒன்ராறியோ முழுக்கக் குவிஞ்சு கிடக்கு, உதிரிப்பாகம் மலிவு, எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு திருத்துவார். 2011 மொடலில இருந்து வந்ததில 3.6 லீற்றர் வி6 எஞ்சின் இருக்கு, இழுவைக்கு அது தாராளம். ரொயோட்டாக்காரர் சண்டைக்கு வருவினம், தெரியும். சியன்னா கன காலம் ஓடும்தான், ஆனா அதே காசுக்கு வாற சியன்னா அந்தக் கன காலத்தில முக்கால்வாசியை ஏற்கெனவே ஓடி முடிச்சிருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். கரவான் எண்டு பேர் இருந்தால் மட்டும் 3,600 வராது. ட்ரெயிலர் டோ பக்கேஜ் எண்டு ஒண்டு கம்பனியில போட்டு வந்திருக்கோணும், அதில பெரிய றேடியேற்றர், பின்பக்கத்தைத் தானே உயர்த்திப் பிடிக்கிற ஷொக்ஸ், லைட்டுக்கான வயரிங் எல்லாம் வரும். அது இல்லாத வானில, பின்னால ஹிச் (ட்ரெயிலரைக் கொளுவுற இரும்பு) மட்டும் யூ-ஹோல் எண்ட ட்ரெயிலர் வாடகைக் கடையில பூட்டிப்போட்டு "இழுக்கும் ப்ரோ" எண்டு விக்கிறவை இருக்கினம். ஹிச் எண்டது வெறும் இரும்பு, அதை எதிலயும் பூட்டலாம். வெக்கையில சாகிறது கியர்பொக்ஸ். பழைய ஒடிசிக்கும் கியர்பொக்ஸைக் குளிராக்கிற ட்ரான்ஸ்மிஷன் கூலர் தனியாப் பூட்டினால்தான் 3,500 எண்டு அதின்ர புத்தகத்திலயே இருக்கு. அதால வாகனத்தின்ர விஐஎன் நம்பரை (அந்த வாகனத்துக்கு மட்டும் உள்ள அடையாள இலக்கம்) டீலரிட்டக் குடுத்து, கம்பனியில என்னென்ன போட்டு வந்தது எண்டு கேளுங்கோ, சொல்லுவினம். ஒரு குறிப்பு, அந்தத் தானே உயர்த்துற ஷொக்ஸ் பழுதானா மாத்திறது விலை, வாங்கேக்க பின்பக்கம் தாழ்ந்து நிக்குதோ எண்டு பாருங்கோ.

அடுத்தது குடும்பம். எங்கட ஆக்கள் மீன் பிடிக்கப் போறதெண்டா தனியப் போறதில்லை. மாமா, மாமி, பிள்ளையள், பார்பிக்யூ அடுப்பு, ரெண்டு கூலர், ஒரு சட்டி பிரியாணி, இடம் இருந்தா பக்கத்து வீட்டுக்காரர். டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்தில ஒரு ஸ்டிக்கர் இருக்கும், ஆக்களும் சாமானும் சேர்த்து இவ்வளவு கிலோவுக்கு மேல ஏத்தாதேங்கோ எண்டு. ஹிச்சில போட் கீழ அழுத்துற பாரமும் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது, அதைத்தான் ஆரும் பாக்கிறதில்லை. ஆக்கள் கூடக்கூட இழுக்கிற அளவு குறையும், உங்கட வருஷத்துக்கு எவ்வளவு எண்டதை மனுவலில பாருங்கோ. சந்தேகம் எண்டா எல்லாரையும் ஏத்திக்கொண்டு ட்ரக் ஸ்டொப்பில காசு குடுத்து நிறுக்கலாம், பெரிய செலவில்லை.

ஹிச்சில அழுத்துற பாரம் எண்டது மொத்தத்தில ஏறக்குறைய பத்தில ஒரு பங்கு இருக்கோணும். உங்கட போட்டுக்கு 160 பவுண்ட் மட்டில. அதில நல்லாக் குறைஞ்சா 404 ஹைவேயில மணிக்கு 100 கிலோமீற்றரில போகேக்க ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும், தொடங்கினாப் பிறகு நிப்பாட்டுறது லேசில்லை. மோட்டர் பின்னால தொங்குறதால போட் ட்ரெயிலரில இந்தப் பிரச்சினை கூட. பற்றரியையும் கூலரையும் முன்னுக்குத் தள்ளுங்கோ, அதுக்கும் சரிவராட்டி ட்ரெயிலரில போட்டை இழுத்து ஏத்திற விஞ்ச் நிக்கிற தூணை முன்னுக்கு நகர்த்தலாம்.

இங்கிலாந்தில, லண்டனில இருக்கிற மச்சான் சின்னக் காரில கரவன் (படுத்தெழும்புற வீட்டு ட்ரெயிலர்) இழுக்கிறார் எண்டு ஆராவது வந்து சொல்லுவினம். அங்க 750 கிலோவுக்கு மேல எண்டா ட்ரெயிலருக்கு பிரேக் கட்டாயம், மோட்டர்வேயில இழுத்துக்கொண்டு 60 மைலுக்கு மேல ஓடக்கூடாது, ஹிச்சில அழுத்துற பாரமும் அங்க குறைச்சு வைக்கினம். இஞ்ச ஒன்ராறியோவில 1,360 கிலோ வந்தால்தான் ட்ரெயிலருக்கு பிரேக் கேக்கினம், அதால உங்கட போட்டை நிப்பாட்டப் போறது முழுக்க முழுக்க வானின்ர பிரேக்தான். வாங்கின உடன முதல் காசை பிரேக் பாட், டிஸ்க், ரயருக்குச் செலவழியுங்கோ.

சரி, பிக்கப்காரர் சொல்லுறதில ஒரு நியாயம் இருக்கு, அது ஏரிக்கரையில. வான் முன்சில்லில ஓடுறது. போட் பின்னால அழுத்த, சரிவில பாரமும் பின்னுக்குப் போக, முன்சில்லுக்குப் பிடிப்புக் குறையும், கீழ பாசி பிடிச்சிருந்தா சுத்திக்கொண்டு நிக்கும். ஆனா உங்களுக்குக் கிட்ட இருக்கிற ப்ளஃபர்ஸ் பார்க்கிலயோ, சிம்கோ ஏரிக்கரையில இருக்கிற சிபல்ட் பொயின்ற் பார்க்கிலயோ ஒழுங்கான போட் லோன்ச் (போட்டைத் தண்ணிக்குள்ள இறக்கிற சரிவு) இருக்கு, 1,600 பவுண்ட் போட்டோட நல்ல ரயர் போட்ட வான் அதில ஏறும். என்னைக் கேட்டா ப்ளஃபர்ஸில லோன்சை விட, திரும்பி வாற பிரிம்லி றோட் ஏத்தம்தான் சோதனை, இறங்கேக்க சின்னக் கியரில இறங்குங்கோ, பிரேக்கை மிதிச்சுக்கொண்டே போகாதேங்கோ. கல்லும் மண்ணுமான லோன்ச்சுகளுக்கு அடிக்கடி போற எண்ணம் எண்டா மட்டும் ஆல் வீல் டிரைவ் சியன்னா தேடுங்கோ. ஆனா அதுக்கு வாறது ரன்-ஃப்ளாட் ரயர் (காத்துப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடுறது), ஸ்பெயார் ரயரும் இல்லை, ரயர் மாத்தேக்க விலையைக் கேட்டு நெஞ்சு அடைக்கும்.

12 ஆயிரத்துக்கு பிக்கப்பும் கிடைக்கும்தான். கிடைக்கிறது ரெண்டு லட்சம் கிலோமீற்றரைத் தாண்டின, உப்புத் தின்ட ட்ரக். இஞ்ச பனிக்காலத்தில றோட்டில கொட்டுற உப்பு அடிச்சட்டத்தை அரிச்சு வச்சிருக்கும், மேல பெயின்ற் மினுங்கும். நீங்கள் போட் இழுக்கப்போறது மே கடைசியில இருந்து ஒக்ரோபர் வரைக்கும் வார இறுதியில, மிச்ச நாள் முழுக்க அந்த ட்ரக்கில வேலைக்கும் நோ ஃப்ரில்ஸ் கடைக்கும் போய் வரோணும், பெற்றோலை நினைச்சுப் பாருங்கோ. 18, 19 அடி ஃபைபர் கிளாஸ் போட் எண்டு கேட்டிருந்தா நானே வான் வேண்டாம் எண்டிருப்பன், அப்பவும் முதல் பழைய ரொயோட்டா ஹைலாண்டர் வி6, ஹொண்டா பைலட் மாதிரி எஸ்யூவி ஒண்டைத்தான் பாக்கச் சொல்லியிருப்பன்.

வானுக்கும் இந்த உப்புக் கதை பொருந்தும். தூக்கிப் போட்டு அடியைப் பாக்காமல் காசு குடுக்காதேங்கோ, குறிப்பா ஹிச் பூட்டுற இடம். ஏற்கெனவே ஹிச் பூட்டின வான் எண்டா என்ன இழுத்தவை எண்டு கேளுங்கோ, கியர் ஒயில் எப்ப மாத்தினது எண்டு பில் கேளுங்கோ, ஒயில் கறுத்து எரிஞ்ச மணம் அடிச்சா திரும்பிப் பாக்காமல் வாங்கோ. தனியாரிட்ட வாங்கினாலும் 13 வீதம் விற்பனை வரி பதியேக்க கட்டோணும், 12 ஆயிரத்துக்குள்ள அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. ஹிச், வயரிங், ரயர் எண்டு இன்னும் ஆயிரம், ஆயிரத்தி ஐநூறு ஒதுக்கினா, வானுக்கு மிஞ்சுறது 9 ஆயிரம் சொச்சம்தான்.

அந்த போட்டைப் பாக்கப் போகேக்க ட்ரெயிலரின்ர சில்லு பெயாரிங்கையும் பாருங்கோ. சூடான பெயாரிங்கோட ட்ரெயிலரைக் குளிர்ந்த தண்ணிக்குள்ள இறக்க உள்ளுக்கைத் தண்ணியை உறிஞ்சும், கிரீஸ் போகும், பிறகு ஹைவேயில சில்லு தனியக் கழண்டு போகும். சில்லைத் தூக்கிச் சுத்திப் பாருங்கோ, கறகற எண்டு சத்தம் வந்தா விலையில குறைக்கச் சொல்லுங்கோ. ட்ரெயிலர் ரயரில பக்கத்தில வெடிப்பு இருந்தாலும் அப்பிடித்தான், கட்டை தேயாமல் இருக்கு எண்டு காட்டுவினம், வருஷக்கணக்கா வெயிலில நிண்ட ரயர் தேயாமல்தான் இருக்கும்.