டேப்பை நாலாக மடியுங்கள்: தையல் ஆசிரியை பதில்கள்

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 12 பேருக்கு ஜாக்கெட் தைக்கச் சொல்லித்தருகிறேன். 22 வயதுப் பெண்ணும் உண்டு, 55 வயது அம்மாவும் உண்டு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், படித்துக் கற்பவர், செய்து கற்பவர் என்று நாலு வகை மனிதர்கள் இருக்கிறார்களாமே? வகை பிரித்துத் தனித்தனியாகப் பாடம் நடத்தலாமா?
– வாசகி, தாராபுரம்

பதில்: பிரிக்காதீர்கள், சகோதரி. இந்த நாலு வகையைப் பரப்பியவர் நியூசிலாந்தின் நீல் ஃபிளெமிங்; 1992-ல் இதைப் பற்றி எழுதினார். அப்புறம் 2008-ல் ஹெரால்ட் பாஷ்லரும் இன்னும் மூன்று அமெரிக்க உளவியலாளர்களும் இது சம்பந்தமான ஆய்வுகளை அலசினார்கள். ஒருவரின் வகைக்கு ஏற்றபடி நடத்தினால் அவர் கூடுதலாகக் கற்கிறார் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். என் வகுப்பில் நான் பார்ப்பதும் அதுதான். சிலருக்குப் படம் வரைந்து காட்டினால் பிடிக்கும், சிலருக்கு வாயால் சொன்னால் பிடிக்கும். ஆனால் தையல் வேலைக்குக் கண், காது, விரல் மூன்றும் எல்லோருக்கும் வேண்டும். நூல் சிக்கப்போவதை மிஷின் சத்தம்தான் முதலில் சொல்கிறது. கிராஸாக, அதாவது மூலைவாட்டில் வெட்டிய துணி எவ்வளவு இழுபடும் என்பது கையால் இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். 'கேட்டுக் கற்பவர்' என்று ஒருவரை உட்காரவைத்துப் பேசிக்கொண்டே இருந்தால் அவருக்குத் துணி எப்போது பழகும்?

ஆளுக்கு ஆள் வித்தியாசம் நிச்சயம் உண்டு. அவரவருக்கு எந்த இடத்தில் தட்டுகிறது என்று பாருங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. மார்பளவு 35, அதில் நாலில் ஒன்று எவ்வளவு என்றால் முகம் சுருங்கிவிடும். டேப்பில் 35-ஐப் பிடித்து இரண்டாக மடிங்க, மறுபடி இரண்டாக மடிங்க என்றேன். மடிப்பு எட்டே முக்காலில் விழுந்தது. லூசுக்கும் தையலுக்கும் விடவேண்டியதை விரலால் அளந்து காட்டினேன். அன்றிலிருந்து கட்டிங்கில் அவருக்குத் தயக்கமே இல்லை.

அதே வகுப்பில் பி.காம். படித்த பெண் கணக்கை நொடியில் சொல்லிவிடுவார். மிஷின் மிதிக்க உட்கார்ந்தால் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூல் அறுந்துவிடும். அவருக்கு நோட்டில் எழுதித் தந்து என்ன பயன்? ஊசியில் நூலே கோக்காமல், கோடு போட்ட தாளை வைத்து மிதிக்கச் சொன்னேன். ஓட்டைகள் கோட்டின் மேலேயே விழும்வரை துணியைக் கையில் தரவில்லை.

ஜாக்கெட்டின் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டிவிடுவது மட்டும் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் செய்வது. கையின் முன்பக்க வளைவைச் சற்று அதிகமாகக் குடைய வேண்டும்; அது ஏன் என்று புரியாதவரை இந்தத் தவறு நிற்காது. செய்தித்தாளில் ஒரு கை வெட்டச் சொல்லுங்கள். அவரவர் தோளில் வைத்து, கையை முன்னால் நீட்டிப் பார்க்கட்டும். எங்கே தாள் மடிந்து கசங்குகிறதோ, அங்கேதான் குடைய வேண்டும்.

இன்னொன்று: எதிரில் நின்று காட்டாதீர்கள். இடமும் வலமும் மாறிப்போகும். பக்கத்தில் நின்று, முதலில் பேசாமல் ஒருமுறை செய்து காட்டுங்கள். பிறகு நிதானமாக, சொல்லிக்கொண்டே செய்யுங்கள். மூன்றாவது தடவை கத்தரி அவர்கள் கையில். என்ன செய்கிறோம் என்பதை அவர்களே வாயால் சொல்லட்டும். எந்த இடத்தில் பேச்சு நிற்கிறதோ, அங்கே திரும்பக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 51 வயது. ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிறேன். கூடப் படிக்கும் சின்னப் பெண்கள் வேகமாகப் போகிறார்கள். இனிமேல் எனக்குத் தொழில் வருமா?
– வாசகி, மேலூர்

பதில்: வரும், அம்மா. முதலில் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வெள்ளெழுத்து வருகிறது. கண்ணாடி போட்டால் தீரும் விஷயத்துக்கு உங்கள் மூளையைக் குறை சொல்லாதீர்கள். நூல் நுனியைச் சாய்வாக வெட்டி, ஊசிக்குப் பின்னால் வெள்ளைத் தாள் வைத்துக் கோத்துப் பாருங்கள். பழகும்வரை துணிக்கு மாறான நிறத்தில் நூல் போடுங்கள்.

முப்பது வருஷமாக ஜாக்கெட் போடுகிறீர்கள். அக்குளில் எங்கே பிடிக்கும், கழுத்து எப்போது தோளை விட்டு இறங்கும் என்பதெல்லாம் உங்கள் உடம்புக்கே தெரியும். அந்தப் பெண்களுக்கு அது இனிமேல்தான் தெரியவேண்டும். டிரையல் பார்க்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் ஆசிரியைக்கும் அது உதவும்.

கேள்வி: வீடியோ பார்த்து மட்டுமே தையல் கற்க முடியுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கட்டிங் ஓரளவு கற்கலாம். நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் வசதி பெரிய வசதி. ஆனால் உங்கள் கை செய்யும் தவறு வீடியோவுக்குத் தெரியாது. உதாரணமாக, துணிக்கு அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் புதியவர்கள் அடி நூல் சுற்றிய பாபினைத்தான் கழற்றுவார்கள். பெரும்பாலும் கோளாறு மேல் நூலில் இருக்கும். மிஷினின் அழுத்துக் காலைத் தூக்கிவிட்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்து, பழைய துணியில் ஓட்டிப் பாருங்கள். அப்படியும் தொங்கினால், பக்கத்துத் தெரு டெய்லரிடம் அந்தத் துணியோடு போங்கள்.