நாய்க் காப்பகமா, பேருந்துச் சலுகையா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் தெருநாய்களைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பெரம்பூர்: மாலை ஆறு மணிக்கு மேல் பேத்தியைத் தனியே கடைக்கு அனுப்ப முடிவதில்லை, நாய்கள் துரத்துகின்றன. மகளிர் இலவசப் பேருந்துப் பயணத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி மானியம் கொடுக்கிறார்கள். அதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துச் சென்னை மாநகராட்சி நாய்களுக்குக் காப்பகம் கட்டினால் என்ன?

ஐயா, தங்கள் கவலை முழுக்க நியாயமானது. ஒரு குழந்தை அஞ்சாமல் தெருவில் நடப்பது எந்த நகரமும் முதலில் தந்தாக வேண்டிய உரிமை. ஆனால் தங்கள் கேள்வியில் இரண்டு கஜானாக்கள் ஒன்றாகிவிட்டன. மக்கள் ‘ஒயிட் போர்டு பஸ்’ என்று சொல்லும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே 8 முதல் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள்; அந்தக் கட்டணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு ஈடுசெய்வது மாநில அரசு. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இதற்கென 3,600 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் கணக்குக்குள் வருவதே இல்லை. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்ட நாளிலிருந்தே சென்னைப் பேருந்து மாநில அரசின் நிறுவனமாகத்தான் இருந்து வருகிறது.

நாய் விஷயம் அப்படியல்ல. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணை, நகர உள்ளாட்சிகளுக்கு உரியவையாகப் பதினெட்டுப் பொறுப்புகளைச் சொல்கிறது. பதினைந்தாவது, கால்நடைப் பட்டிகளும் விலங்கு வதைத் தடுப்பும். பதினேழாவதில் தெருவிளக்கு, வாகன நிறுத்துமிடம், பொதுக் கழிப்பிடம் இவற்றோடு பேருந்து நிறுத்தமும் இருக்கிறது; பேருந்து இல்லை. எங்கள் வீட்டருகே உள்ள நிறுத்தத்தில் மாலை வேளைகளில் இதை நான் கண்ணால் பார்க்கிறேன்: தலைக்கு மேலே இருக்கும் நிழற்குடை மாநகராட்சியின் பொறுப்பு, வந்து நிற்கும் பேருந்து மாநில அரசின் பொறுப்பு, இருக்கைக்கு அடியில் சுருண்டு படுத்திருக்கும் செவலை நாய் மறுபடியும் மாநகராட்சியின் பொறுப்பு.

மாநில அரசு மானியத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டதால் மாநகராட்சிக்கு வரவேண்டிய பங்கு குறைந்துவிடுமோ என்றும் சிலர் எழுதியிருக்கிறார்கள். உள்ளாட்சிகளுக்கான பங்கு, மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்து விழுக்காடு என்று கணக்கிடப்பட்டு வருவது. வருவாயின் மேல்தான் அந்தக் கணக்கு. மானியங்கள் போக மிஞ்சியதன் மேல் அல்ல. காப்பகங்களுக்கு மாநில அரசு தனியாக நிதி தர வேண்டும் என்று தாங்கள் கேட்டால் நானும் உடன் நின்று கேட்பேன். ஆனால் அந்த நிதியைப் பேருந்தில் ஏறும் பெண்ணிடமிருந்துதான் எடுக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வாசகி, புளியந்தோப்பு: இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். நாய்க்குப் பணம் வேண்டும் என்று சொல்லி எங்கள் பஸ் காசில் கை வைத்துவிடுவார்களா?

அம்மா, மேலே சொன்னபடி அவை இரண்டும் வெவ்வேறு கணக்குகள். இத்திட்டத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு ஆய்வு செய்து சொல்லியிருக்கிறது. அந்தத் தொகை உங்கள் வீட்டில் அரிசியாகவும் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகமாகவும் மாறுவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் முதல் பேருந்தைப் பிடிக்க இருட்டில் நடந்து போகிறவரும் நீங்கள்தான். ஆகவே நாய்த் தொல்லை தீர வேண்டும் என்று கேட்கும் முதல் உரிமையும் உங்களுக்கே உண்டு. ஒன்றை விட்டுக் கொடுத்தால்தான் மற்றது கிடைக்கும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கல்லூரி மாணவர், வேளச்சேரி: தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். எல்லா நாய்களையும் காப்பகத்தில் அடைத்துவிட வேண்டும் என்கிறார் எதிர்வீட்டுக்காரர். கருத்தடை போதும் என்கிறேன் நான். எது சிக்கனம்?

இந்தக் கேள்விக்கு நிதானமாகக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

2024-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள் இருந்தன. அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். மீதி ஏறத்தாழ 1.3 லட்சம். பிடிப்பது, அறுவை சிகிச்சை, தடுப்பூசி, உணவு எல்லாம் சேர்த்து நாய் ஒன்றுக்கு 1,650 ரூபாய் என்பது அண்மை ஆண்டுகளில் உள்ளாட்சிகள் பலவும் வைத்துக்கொண்ட மதிப்பீடு. அப்படியானால் மிச்சமுள்ள எல்லா நாய்களுக்கும் ஒரு முறை ஆகும் செலவு சுமார் 21 கோடி ரூபாய்.

இப்போது எதிர்வீட்டுக்காரரின் யோசனைக்கு வருவோம். ஒரு நாய்க்குச் சோறு, மருந்து, கூண்டைக் கழுவும் ஆளின் கூலி எல்லாம் சேர்த்து நாளுக்கு வெறும் ஐம்பது ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இது என் அனுமானம்தான், உண்மைச் செலவு இதைவிடக் கூடலாம். 1.8 லட்சம் நாய்களுக்கு ஒரு நாளைக்கு 90 லட்சம், ஆண்டுக்கு 328 கோடி ரூபாய் ஆகிறது. இதில் நிலத்தின் விலையும் கட்டடமும் சேரவில்லை. கருத்தடைச் செலவு ஒரு நாய்க்கு ஒரு முறை. காப்பகச் செலவோ அந்த நாய் உயிரோடு இருக்கும் வரை. ஒரு நாயின் கருத்தடைக்கு ஆகும் பணம், அதைக் காப்பகத்தில் வைத்துக்கொண்டால் முப்பத்து மூன்றே நாளில் கரைந்துவிடும்.

அப்படியென்றால் 21 கோடியைக் கொடுத்து இந்த ஆண்டே முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் பணத்தைவிடப் பெரிய தடை இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, அறுவை சிகிச்சைக்குப் பின் நாயைக் குறைந்தது நான்கு நாட்கள் வைத்துப் பராமரிக்க வேண்டும். பிடித்து வந்த நாளையும் சேர்த்தால் ஒரு நாய் ஒரு கூண்டை ஐந்து நாட்கள் பிடித்துக்கொள்கிறது. நூறு கூண்டு உள்ள மையத்தில் எத்தனை மருத்துவர்கள் இருந்தாலும் நாளொன்றுக்கு இருபது நாய்களுக்கு மேல் செய்ய முடியாது. முந்நூறு வேலைநாட்களில் ஆறாயிரம். 1.3 லட்சம் நாய்களை ஓர் ஆண்டில் முடிக்க அப்படிப்பட்ட மையங்கள் இருபத்திரண்டு வேண்டும். மெதுவாகச் செய்தால் விட்டுப்போன நாய்கள் அதற்குள் குட்டி போட்டுவிடுகின்றன. போன ஆண்டு செலவழித்த பணம் வீணாகிறது. ஆகவே கூண்டுகளுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் நாய் பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆட்களுக்கும் தொடர்ந்து ஒதுக்கீடு வேண்டும் என்பதுதான் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை.

இந்த ஊருக்கு இது புதிய விஷயமும் அல்ல. 1959-இல் கேப்டன் சுந்தரம் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, 1964-லேயே நாய்களுக்குக் கருத்தடை செய்யத் தொடங்கிவிட்டது. மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொல்வதைக் கைவிட்டு அந்த வழிக்கு வந்தது 1996-இல். பல்லாண்டு காலம் கொன்றும் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை என்ற அனுபவத்தோடு ஒரு நகரம் எடுத்த முடிவு அது. இன்று நாய்களால் அல்லல்படுகிறவர்களின் கோபத்தில் அந்த அனுபவம் மறந்துபோய்விடக் கூடாது என்று விரும்புகிறேன்.

சில மாதங்களுக்கு முன் வடசென்னையில், கருத்தடை முடிந்த ஒரு பெட்டை நாயை விடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டியிலிருந்த ஊழியர் கையிலிருந்த சீட்டில் தெருப் பெயரை இரண்டு முறை படித்துச் சரிபார்த்த பிறகே கூண்டுக் கதவைத் தூக்கினார். இடது காது நுனியில் கருத்தடைக்கு அடையாளமான சிறு வெட்டு, வயிற்றில் மழித்த இடத்தில் முடி இன்னும் முளைக்கவில்லை. நாய் இறங்கி, தரையை முகர்ந்து, நேராக இஸ்திரி வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தது. இஸ்திரிக்காரர் குனிந்து பார்த்து, “வந்துட்டியா” என்றார். தெரிந்த தெருவிலே, குட்டி போடாமல், தடுப்பூசியோடு இருக்கும் அந்த நாய் பிடிக்கப்படாத நாயைவிட எல்லோருக்கும் நல்லது.

வாசகர், தாம்பரம்: பேருந்து நிலையங்களில் உள்ள நாய்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே. அந்தச் செலவு யாருடையது?

2025 ஆகஸ்ட் 22 உத்தரவில், வெறி பிடித்த அல்லது மூர்க்கமான நாய்கள் தவிர மற்றவற்றைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பிறகு பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றில் பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடாமல் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்றது. சாலையோர நிறுத்தத்தில் படுத்திருக்கும் நாய் வேறு, பேருந்து நிலையத்துக்குள் திரியும் நாய் வேறு என்பதைக் கவனியுங்கள். இந்தப் பணி உள்ளாட்சியின் தலையில் விழுகிறது. கருத்தடைக்கென்று இருக்கும் சிறிய ஒதுக்கீட்டிலேயே இதையும் சமாளிக்கச் சொன்னால், கருத்தடை கட்டாயம் பின்தங்கும். என்னுடைய உண்மையான அச்சம் பேருந்துச் சலுகை பற்றியதல்ல, இதைப் பற்றியது.

வாசகி, மும்பை மாதுங்கா: எங்கள் ஊரில் பெஸ்ட் பேருந்து மாநகராட்சியுடையதுதானே? இங்கே இரண்டுக்கும் போட்டி உண்டல்லவா?

உண்டு. 1947 முதல் பெஸ்ட் மும்பை மாநகராட்சியின் நிறுவனம். 2025-26 பட்ஜெட்டில் மாநகராட்சி அதற்கு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. புணேயிலும் பேருந்து நிறுவனத்தின் நஷ்டத்தை இரு மாநகராட்சிகள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கெல்லாம் ஒரே கஜானா. பேருந்துக்குப் போன ரூபாய் வேறெதற்கும் வராது. ஆனாலும் 74,427 கோடி ரூபாய் பட்ஜெட் போடும் மாநகராட்சியில், நாய்க்கான தொகையைப் பேருந்தோடு மட்டும் ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசகர், கொளத்தூர்: சரி, நாங்கள் எங்கே போய்க் கேட்பது?

உங்கள் ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போங்கள். தெருவில் எத்தனை நாய்கள், அவற்றில் எத்தனைக்குக் காது வெட்டப்பட்டிருக்கிறது என்று ஒரு காலையில் எண்ணிக் குறித்துக்கொண்டு போங்கள்; காதில் வெட்டு இல்லாத நாய் எந்தக் கம்பத்தருகே இருக்கிறது என்பது வரை எழுதிக் கொடுங்கள். அதே தகவலை மாநகராட்சியின் 1913 புகார் எண்ணிலும் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்ஜெட் வரும் முன், கருத்தடை மையங்களில் எத்தனை கூண்டுகள் புதிதாகச் சேரும், எத்தனை மருத்துவர் பணியிடங்கள் நிரப்பப்படும் என்று உங்கள் மாமன்ற உறுப்பினரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் இந்தப் பகுதிக்கு அனுப்பி வையுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.