போன்சாய் (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்): கேட்டதும் சொன்னதும்

கேள்வி: பரிசாக வந்த ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரப் போன்சாயை வரவேற்பறை மேசையில் வைத்தேன். தினமும் தண்ணீர் விட்டும் பழுப்பாகிவிட்டது. பிழைக்குமா?

பதில்: பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. ஆனால் ஜூனிப்பர் செத்துச் சில வாரம் கழித்துத்தான் நிறம் மாறும். முழுக்கப் பழுப்பு என்றால் பெரும்பாலும் கதை முடிந்தது. அது வெளியே வெயிலில் நிற்க வேண்டிய மரம், குளிர்கால ஓய்வும் வேண்டும். மேசை அலங்காரம் என்று சொல்லி அதை விற்பவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். வீட்டுக்குள்தான் வைப்பேன் என்றால் ஆல், அத்தி இனத்தில் ஒன்றை வாங்கி, வெளிச்சம் நன்றாக வரும் ஜன்னலோரம் வையுங்கள்.

கேள்வி: நாளுக்கு எத்தனை முறை தண்ணீர்?

பதில்: கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். விரலால் தொட்டுப் பாருங்கள். மேல்மண் காயத் தொடங்கியதும், அடித்துளை வழியே வழியும் வரை விடுங்கள். கோடையில் சின்னத் தொட்டிக்கு இரண்டு வேளைகூடத் தேவைப்படும்.

கேள்வி: நான்கு வருடமாகத் தட்டைத் தொட்டியில் வளர்க்கிறேன். அடிமரம் இன்னும் பென்சில் அளவுதான். என்ன உரம் போடலாம்?

பதில்: உரத்தில் குறையில்லை, தொட்டியில்தான் குறை. தட்டைத் தொட்டி வளர்ச்சியை அடக்கி வைக்கும். அடிமரம் பருக்க வேண்டுமானால் வேர் ஓட இடமும் மேலே நிறைய இலையும் வேண்டும். அதனால் மரத்தைத் தரையிலோ பெரிய தொட்டியிலோ நட்டு, சில வருடம் போக்கில் விடுங்கள். அடியில் ஒரு கிளையை மட்டும் வெட்டாமல் நீளமாக ஓட விட்டால், அதற்குக் கீழே உள்ள பகுதி சீக்கிரம் தடிக்கும். வேலை முடிந்ததும் அந்தக் கிளையை எடுத்துவிடலாம். அப்புறம் அடிமரத்தை உயரம் குறைத்து வெட்டி, பக்கக் கிளை ஒன்றைப் புது உச்சியாக்குங்கள். கீழே தடித்து மேலே மெலியும் வடிவம் அப்படித்தான் வரும். அழகான தொட்டி கடைசியில். பெரும்பாலோர் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள்!

கேள்வி: கிளையை வளைக்கச் சுற்றிய கம்பி பட்டைக்குள் பதிந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: சுற்றைப் பிரிக்கப் போகாதீர்கள், கிளை ஒடியும். துண்டு துண்டாக நறுக்கி எடுங்கள். தழும்பு மறைய வருடங்கள் ஆகும். அடுத்த முறை, கிளைத் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ள அலுமினியக் கம்பியை 45 பாகை சாய்வில் சுற்றுங்கள். துளிர்விடும் பருவத்தில் வாரம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இது மரத்தைச் சித்திரவதை செய்வதாகாதா?

பதில்: வாடி வதங்கும் மரத்தில் யாராலும் நல்ல போன்சாய் செய்ய முடியாது. ஜப்பானின் யமாகி குடும்பம் வளர்த்த வெள்ளைப் பைன் ஒன்று 1625 முதல் தொட்டியில் இருக்கிறது. 1945இல் ஹிரோஷிமா குண்டுவீச்சையும் தாண்டிவிட்டது. 1976இல் அமெரிக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். இன்று வாஷிங்டனில் பசுமையாக நிற்கிறது.

கேள்வி: எலுமிச்சையைப் போன்சாய் ஆக்கினால் காயும் சிறுத்துவிடுமா?

பதில்: இலை சிறுக்கும், காய் சிறுக்காது. சின்னக் கிளையில் முழு எலுமிச்சை தொங்குவது எனக்குப் பிடிப்பதில்லை. குட்டை மாதுளை போல இயல்பிலேயே சிறிதாகக் காய்ப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றிரண்டு பிஞ்சு போதும், மீதியைக் கிள்ளிவிடுங்கள்.