ஒரு கூரை, இரண்டு அடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு, மானிடவியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இங்கே யாரைக் கேட்டாலும் “அது என்ன படிப்பு?” என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். எங்கே சேர்ப்பது? வேலை கிடைக்குமா என்பது அவள் அப்பாவின் கவலை.
— ஒரு தாய், அம்மாபேட்டை, சேலம்

பதில்: நான் 1983இல் இதே படிப்பில் எம்.ஏ. சேர்ந்தபோது, “எலும்பு பொறுக்குகிற வேலையா?” என்றார் என் பெரியப்பா. கால்வாசி சரிதான். மனிதரின் உடலையும் வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்கிற படிப்பு இது. எலும்பும் மரபணுவும் உடல்சார் மானிடவியல். உறவுமுறை, சடங்கு, சந்தை, சாமி எல்லாம் பண்பாட்டு மானிடவியல். தொல்லியலும் மொழியும் மற்ற இரண்டு கிளைகள். உங்கள் மகளை இழுப்பது எது என்று முதலில் கேளுங்கள்.

இளங்கலையிலேயே மானிடவியல் வேண்டுமென்றால் தூரம் போக வேண்டியிருக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. ஆனர்ஸ் இருக்கிறது; அதற்கு அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு எம்.ஏ. உண்டு. இரண்டுக்கும் க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதவேண்டும். என்னைக் கேட்டால், பதினேழு வயதில் அத்தனை அவசரம் வேண்டாம். இங்கேயே வரலாறோ விலங்கியலோ படிக்கட்டும். பிறகு எம்.ஏ.வுக்குச் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளியூர் அனுப்ப வழியில்லை என்றால் இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் அஞ்சல் வழியிலும் படிக்கலாம். ஆனால் அது என் இரண்டாவது தேர்வுதான். காரணம் சொல்கிறேன்.

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் என்னை ஏற்காட்டு ஏரிக்கு அப்பால் மலையாளி என்ற பழங்குடியினரின் ஊர் ஒன்றில் ஒரு மாதம் தங்க அனுப்பினார்கள். முதல் வேலை வீட்டுக் கணக்கெடுப்பு. “இந்த வீட்டில் எத்தனை பேர்?” என்று கேட்டேன். சாமை புடைத்துக்கொண்டிருந்த அம்மா, முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே “ஏழு பேர்” என்றார். இரவு படுத்திருந்த தலைகளை எண்ணினால் பத்து. கிழவிக்குக் கணக்கு வரவில்லை என்று நினைத்துப் பத்து என்று எழுதிக்கொண்டேன். நான்கு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது: ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்புகள். மூத்த மகன் தன் மனைவி, இரு பிள்ளைகளோடு தனி உலை வைத்துவிட்டான். அந்த நால்வரும் அம்மாவின் கணக்கில் இல்லை. கூர்க்கில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த இளையவன் மட்டும் கணக்கில் இருந்தான். அவனுடைய வட்டில் அவர் அடுப்புக்கு மேலே கவிழ்த்து வைத்திருந்தது. வீடு என்றால் கூரை என்று நினைத்தவள் நான். அவருக்கு வீடு என்பது உலை. கணக்குத் தெரியாதவள் யார் என்று நீங்களே சொல்லுங்கள்!

எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு அந்த நான்கு நாளைத் தந்திருக்காது. ஆகவே கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். களப்பணி எத்தனை நாள், ஊரிலேயே தங்குவார்களா, குறிப்பேட்டை யார் திருத்துவார்கள், பாடம் நடத்துகிறவர் கடைசியாக எந்த ஊரில் களப்பணி செய்தார் என்று கேளுங்கள். ஒரு கல்லூரியில் களப்பணி என்று என் உறவுப் பெண்ணைக் கூட்டிப்போனது கொல்லிமலைக்கு ஒருநாள் பஸ் பயணம். அருவியில் குளித்துவிட்டு வந்து அறிக்கை எழுதினாள், பாவம்.

அவள் அப்பாவுக்கு: கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வகத்துக்கு மைசூரில் மண்டல மையம் இருக்கிறது. அருங்காட்சியகங்கள், பழங்குடியினர் நலத் திட்டங்கள், நெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் கல்லூரிப் பணி என்றும் வழிகள் உண்டு. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் இது 500 மதிப்பெண்ணுக்கான விருப்பப் பாடம். பொறியியல் போலக் கல்லூரிக்கே வந்து வேலை கொடுப்பார்கள் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம்.

அதற்குள் விடுமுறையில் அவள் பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ படிக்கட்டும். ஐம்பது பக்கத்தில் தூக்கம் வந்தால் வரலாற்றிலேயே இருந்துவிடலாம், தப்பில்லை.

கேள்வி: சேர்வராயன் மலையில் இருக்கும் மலையாளிகள் கேரளத்திலிருந்து வந்தவர்களா?
— பஸ் நடத்துநர், அஸ்தம்பட்டி

பதில்: இல்லை. மலையை ஆள்கிறவர் மலையாளி, அவ்வளவுதான். பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தினம் ஏறி இறங்குகிறவர் நீங்கள். உங்கள் பஸ்ஸில் வரும் பெரியவர்களிடம் கேளுங்கள். எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனார் என்று அவர்களே சொல்வார்கள். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். மாறினால் எனக்கு எழுதுங்கள்.